ஸ்டிமாட்ஸை அனுப்பிவிட்டீர்கள், அவர் கேட்ட நாட்களை எப்போது தருவீர்கள்?

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2027 ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடப்போவதில்லை. 2025 அக்டோபரில் கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்றதோடு அந்த நம்பிக்கை போனது. அப்போது பயிற்சியாளர் காலித் ஜமீல். அவருக்கு முன்னால் மனோலோ மார்க்வெஸ் ஒரு வருடம் இருந்தார். அதற்கு முன்னால் ஐந்து வருடம் இகோர் ஸ்டிமாட்ஸ். மூன்று பேரும் மூன்று விதமான ஆட்கள், கிடைத்த முடிவு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பயிற்சி முகாமுக்குக் கூடுதல் நாட்கள் கேட்டுக்கொண்டே இருந்த ஸ்டிமாட்ஸை 2024 ஜூனில் நீக்கி, அந்த விவகாரத்தை மூடி வைத்துவிட்டீர்கள். அதைத் திரும்பத் திறக்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன்.

அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதை நம் ஊரில் பலரும் கவனிக்கவில்லை. குரோஷியாவின் மெட்கோவிச் என்ற சிறிய ஊரில் 1967-இல் பிறந்து, ஸ்ப்ளிட் நகரத்து ஹைடுக் கிளப்பில் வளர்ந்த டிஃபெண்டர். 1987-இல் சிலியில் நடந்த உலக இளையோர் கோப்பையை யுகோஸ்லாவியா வென்றபோது போபன், ப்ரோசினெச்கி, ஷூக்கர், யார்னி இவர்களோடு அந்த அணியில் இருந்தார். யுகோஸ்லாவியா உடைந்து, போர் நடந்து முடிந்து, பதினொரு வருடம் கழித்து இதே ஐந்து பேரும் குரோஷியா என்ற புது நாட்டின் கட்டம் போட்ட சட்டையோடு 1998 உலகக் கோப்பைக்கு வந்தார்கள். ஐம்பது லட்சம் பேர்கூட இல்லாத நாடு, காலிறுதியில் ஜெர்மனியை 3-0 என்று வென்று, கடைசியில் நெதர்லாந்தையும் வென்று மூன்றாம் இடம் பிடித்தது. திறமை இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பதின்ம வயதிலேயே ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் அவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த வெற்றி பாதிதான் புரியும்.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவாரசியமானது. 1995 இலையுதிர் காலத்தில் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த டெர்பி கவுண்டி அவரை வாங்கியது. முதல் ஆட்டம் டிரான்மியர் ரோவர்ஸுடன். டெர்பி 5-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் ஸ்டிமாட்ஸ்தான் என்றாலும், பின்களத்தைக் காப்பதற்காக வாங்கப்பட்டவர் ஆடிய முதல் நாளிலேயே ஐந்து கோல் வாங்கினால் எந்த ஊர் ரசிகனும் கொதித்துத்தான் போவான். மேலாளர் ஜிம் ஸ்மித் அவரைத் தூக்கி ஓரமாக வைக்கவில்லை, பின்களத்தையே அவரைச் சுற்றி அமைத்தார். அதற்குப் பிறகு லீக்கில் இருபது ஆட்டம் டெர்பி தோற்கவில்லை. 1996 ஏப்ரலில் கிரிஸ்டல் பேலஸை 2-1 என்று வென்று பிரீமியர் லீக்குக்கு ஏறியது. டெர்பி ரசிகர்கள் இன்றும் அவர் பெயரை அன்போடு சொல்கிறார்கள் என்றால் அந்த ஆறு மாதம்தான் காரணம்.

முன்கோபக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1991 மே மாதம் யுகோஸ்லாவியக் கோப்பை இறுதியில் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் கிளப் வீரர் மிஹைலோவிச்சோடு மோதி இருவரும் சிவப்பு அட்டை வாங்கினார்கள். அந்தப் பகை இருபது வருடத்துக்கு மேல் நீண்டது. 2013 மார்ச்சில் ஸாக்ரெப்பில் குரோஷியாவும் செர்பியாவும் மோதியபோது இருவரும் தத்தம் நாட்டின் பயிற்சியாளர்கள். அன்றைக்குக் கை குலுக்கிக்கொண்டார்கள், குரோஷியா 2-0 என்று வென்றது. ஆனால் அதே வருடம் அக்டோபரில், உலகக் கோப்பைக்குப் போகக் கடைசி வழியான பிளே-ஆஃப் வாய்ப்பு கையில் இருந்தபோதே, ஸ்காட்லாந்திடம் தோற்றதும் அவரை நீக்கினார்கள். அப்புறம் ஈரானிலும் கத்தாரிலும் கிளப் வேலை. 2019 மே மாதம் ஆல்பர்ட் ரோகா உள்ளிட்டவர்களைப் பரிசீலித்துவிட்டு நீங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். அவருடைய பலமும் கோபமும் தெரிந்தேதான் எடுத்தீர்கள் என்று நம்புகிறேன்.

சரி, இந்தியக் கணக்குக்கு வருகிறேன். 2019 செப்டம்பரில், சுனில் சேத்ரி இல்லாமல், அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரோடு தோஹாவில் 0-0. கோல்கீப்பர் குர்பிரீத் சிங் அன்று ஆடிய ஆட்டத்தை யாரும் மறக்க மாட்டார்கள். 2022-இல் பெல்லாரியிலும் கொல்கத்தாவிலும் நீண்ட முகாம் நடந்தது. அதன் பிறகு வந்த ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம், மூன்றிலும் வெற்றி. 2023 மே நடுவில் புவனேஸ்வரில் கூடிய அணி ஜூலை முதல் வாரம் வரை பிரியவில்லை. அந்த நாட்களில் இன்டர்காண்டினென்டல் கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்றார்கள், பிறகு பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் தெற்காசியக் கோப்பையையும் வென்றார்கள். ஃபிஃபா தரவரிசையில் 99-ஆம் இடம் வந்ததும் அந்த ஜூலையில்தான்.

அந்தத் தெற்காசியக் கோப்பையில் நம் முதல் ஆட்டம், பாகிஸ்தானோடு. இடைவேளைக்குச் சற்று முன், எதிரணி வீரர் த்ரோ போடப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினார். எல்லைக் கோட்டருகே நின்றிருந்த ஸ்டிமாட்ஸ் பின்னாலிருந்து அந்தப் பந்தைத் தட்டிவிட்டார். ஒரே நொடியில் இரு அணியும் அங்கே குவிந்தது, அவருக்குச் சிவப்பு அட்டை. ஒரு பயிற்சியாளர் செய்யக்கூடாத காரியம் அது, நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த அணியின் ஆட்டத்தில் அன்று ஒரு பிடிப்பு இருந்தது, யார் எங்கே ஓடுவார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்திருந்தது. முடிவு 4-0. இறுதி ஆட்டத்தில் குவைத்தின் கடைசிப் பெனால்டியை குர்பிரீத் தடுத்தபோதும் அதே பிடிப்பைப் பார்த்தோம்.

ஆறு மாதம் கழித்து ஆசியக் கோப்பை. நான்கு வாரமாவது முகாம் வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தியக் கிளப்புகளின் லீக் டிசம்பர் கடைசி வரை நடந்தது. முதல் ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் அணி தோஹாவில் இறங்கியது. அன்வர் அலி, ஜீக்சன் சிங், ஆஷிக் குருணியன் மூவரும் காயத்தால் இல்லை. ஆஸ்திரேலியா 2-0, உஸ்பெகிஸ்தான் 3-0, சிரியா 1-0. நாம் அடித்த கோல் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு இதைவிட மோசம். கிளப்புகள் ஆட்களை விடவில்லை, கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய்ச் சேர்ந்து சீனாவிடம் 5-1 என்று தோற்றார்கள்.

தெற்காசியக் கோப்பையில் நாம் வென்ற நேபாளமும் குவைத்தும் ஆஸ்திரேலியா ஆகிவிடாது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். 2026 உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில், 2024 மார்ச்சில் குவாஹாட்டியில், முக்கிய வீரர்கள் பலர் இல்லாமல் வந்த ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றதற்கு முகாமைக் காரணம் சொல்ல நானும் தயாராக இல்லை. அது ஸ்டிமாட்ஸின் தோல்வி. அந்தத் தகுதிப் போட்டியின் மூன்றாம் சுற்றுக்குக் கொண்டுபோகாவிட்டால் விலகுவேன் என்று அவரே சொல்லியிருந்தார். ஜூன் 11 அன்று தோஹாவில் 73-ஆம் நிமிடம் வரை கத்தாரை 1-0 என்று முந்தியிருந்தோம், அப்படியே முடிந்திருந்தால் இந்தியா முதல்முறையாக மூன்றாம் சுற்றில். கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து அடித்ததைக் கோல் என்று கொடுத்தார்கள், வீடியோ நடுவர் இல்லை, கடைசியில் 2-1 என்று தோற்றோம். ஆறு நாளில் அவரை நீக்கினீர்கள். 2026 வரை ஒப்பந்தத்தை நீட்டித்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் நீக்கியதால், வழக்கைத் தீர்க்க நான்கு லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. அந்தப் பணத்தில் எத்தனை மாவட்டத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுக்க லீக் நடத்தியிருக்கலாம் என்று யோசித்தால் மனசு ஆறவில்லை.

ஃபிஃபா சாளரத்துக்கு, அதாவது தேசிய அணிகளின் ஆட்டங்களுக்கென்று ஃபிஃபா ஒதுக்கும் நாட்களுக்கு, வெளியே ஆட்களை விடக் கிளப்புகளுக்குக் கட்டாயமில்லை என்பது எனக்கும் தெரியும். சம்பளம் கொடுப்பவர்கள், காயம் பட்டால் செலவு செய்பவர்கள் அவர்கள்தான். ஆகவே கிளப்புகளைத் திட்டிப் பயனில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசி, பருவம் தொடங்கும் முன்பே எந்த மாதம் எத்தனை நாள் தேசிய முகாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியது உங்கள் வேலை. காயத்துக்கான காப்பீட்டை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீலுக்கும் இதே கதைதான். புதிதாக வந்தவர், முதல் போட்டி மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பை, மோகன் பகான் கிளப் ஆட்களை விடவில்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். ஸ்டிமாட்ஸின் ஐந்து வருடத்தில் எந்த முகாம் எத்தனை நாள் நடந்தது, அவர் எழுத்தில் என்ன கேட்டார், எதைக் கொடுத்தீர்கள், எதை மறுத்தீர்கள், ஏன் என்று ஒரு அறிக்கை வெளியிடுங்கள். அவர் பக்கத்துத் தவறும் அதில் வரட்டும். அடுத்தது, இனி எந்தப் பயிற்சியாளரோடு ஒப்பந்தம் போட்டாலும் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே முகாம் நாட்களையும் எழுதி, லீக் அட்டவணையோடு சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
இந்திய அணியின் ஆட்டம் ஒன்றையும் விடாமல் பார்க்கும் சென்னை ரசிகன் ஒருவன்