ஆனியில் குடிபோன தம்பி அக்காவுக்கு எழுதுவது

மாண்ட்ரியல்,
ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். உன் கடிதமும், அதே கவருக்குள் அப்பா தனியாக மடித்து வைத்த தாளும் வந்து சேர்ந்தன. பழைய முகவரிக்கு வந்ததைத் தபால்காரர்கள் புது வீட்டுக்குத் திருப்பி விட்டார்கள். காசு கட்டினால் அதைச் செய்கிறார்கள். அனுப்புநர் முகவரியில் அப்பா இன்னும் 'வ.ஆ. மாவட்டம்' என்று பழைய வட ஆற்காட்டைத்தான் எழுதுகிறார். 1989-ல் பிரித்தார்கள், 2019-ல் மறுபடி பிரித்தார்கள். வாலாஜா பெரியப்பா வீட்டைவிட்டு ஓர் அடி நகராமலே ராணிப்பேட்டை மாவட்டத்துக்காரர் ஆகிவிட்டார். நம் அப்பா மட்டும் அசையவில்லை. அப்படிப்பட்ட மனிதரை வேலூருக்குள்ளேயே கொசப்பேட்டையிலிருந்து சத்துவாச்சாரிக்கு நகர்த்தப் போகிறாய். உனக்குத் தூக்கம் வராததில் ஆச்சரியமில்லை.

நான் எப்படித் தனியாக வீடு மாறினேன் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் அம்மா நடுவில் புகுந்து 'சாப்பிட்டியா' என்று பேச்சைத் திருப்பிவிடுகிறாள். அதனால் எழுதியே விடுகிறேன்.

ஜூலை 1-ஆம் தேதி மாறினேன். ஆனி மாதம்தான். 'ஆனி அடியெடுக்காதே, கூனி குடிபோகாதே' என்று அம்மா சொன்னது காதில் இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் நாள் பார்க்கிற வேலையே கிடையாது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல் முடியும், மறுநாள் ஊரே குடி மாறும். முன்பு மே 1-ஆக இருந்ததாம். பள்ளிக்கூடம் நடக்கிறபோது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று 1970களில் ஜூலைக்குத் தள்ளினார்கள். இப்போது சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, பழக்கம்தான் விடவில்லை. கனடா தினமும் அன்றுதான். மற்ற ஊர்களில் கொடி பிடிக்கிறார்கள், இங்கே ஃப்ரிட்ஜ் தூக்குகிறார்கள். வீட்டோடு ஃப்ரிட்ஜும் அடுப்பும் தராத இடங்கள் நிறைய, அவரவருடையதை அவரவர் சுமக்க வேண்டும். லாரிக்கு மாதக்கணக்கில் முன்பே சொல்லி வைக்க வேண்டும், வாடகையும் அன்றைக்கு ஏறிவிடும். தெரு ஓரமெல்லாம் சோபா, மெத்தை, மேசை. பார்த்தால் எடுக்கத் தோன்றும். ஆனால் மெத்தையைத் தொடவே கூடாது, மூட்டைப்பூச்சி.

ஒன்று சொல்ல வேண்டும், இங்கே அட்வான்ஸ் கிடையாது. இந்தக் கியூபெக் மாகாணச் சட்டப்படி முதல் மாத வாடகைக்கு மேல் வீட்டுக்காரர் முன்பணம் கேட்கக் கூடாது. மாமாவிடம் சொல். சத்துவாச்சாரிக்காரருக்கு எண்ணிக் கொடுத்த கை இன்னும் நடுங்குகிறது என்றாராமே.

பழைய வீடு நாலரை, இது இரண்டரை. இங்கே அறைகளை எண்ணி, குளியலறைக்கு அரை என்று சேர்த்துக்கொள்வார்கள். என்னோடு தங்கியிருந்த குடியாத்தத்துப் பையன் கால்கரிக்குப் போய்விட்டான், அவ்வளவு பெரிய வீடு எனக்கு எதற்கு? வாடகையும் ஏற்றினார்கள்தான், அதற்காக இல்லை. இது மெட்ரோவுக்குப் பக்கம். சோபாவை விற்றுவிட்டேன். தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் உடம்புக்கு நல்லது என்று அம்மாவே சொல்வாள். சாயங்கால ஷிப்டுக்கு மாறிக்கொண்டேன், அதில் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்கள்.

கீழ்வீட்டுத் தாத்தாவைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இங்கே பழைய வீடுகளுக்கு மாடிப்படி வெளியே இருக்கும், இரும்பில் சுருண்டு சுருண்டு ஏறும். பனிக்காலத்தில் கையில் பாலும் அரிசியும் வைத்துக்கொண்டு அதில் ஏறுகிறவனுக்கு எந்தச் சாமியும் துணை வராது. தாத்தா ஜூலை 1 காலையில் நாற்காலியை வெளியே போட்டு, பக்கத்தில் பீர் வைத்துக்கொண்டு, தேர் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டார். எந்த சோபா படியில் திரும்பும், எந்த ஃப்ரிட்ஜ் சிக்கும் என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே சொல்லிவிடுகிறார். சிக்கினால், கயிறு கட்டி பால்கனி வழியாக இழுக்கச் சொல்லி எதிர்வீட்டுக்காரர்களைப் பார்த்துக் கத்துகிறார். என் சாமான் வந்ததும் ஆர்வமாக எழுந்து வந்தார். ஒரு மெத்தை, குக்கர், மிக்சி, சில பெட்டிகள், ரத்தினகிரி முருகன் படம். அவ்வளவுதானா என்று கையை விரித்துக் காட்டிவிட்டு ஏமாற்றத்தோடு போய் உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் பால் காய்ச்சினேன். மின்சார அடுப்பு, அணைத்த பிறகும் கம்பி சிவந்தே இருக்கும். பால் பொங்கி வழிந்து, கருகி, கூரையில் இருந்த புகை அலாரம் கத்த ஆரம்பித்தது. தாத்தா துண்டோடு மேலே ஓடி வந்து அலாரத்துக்குக் கீழே நின்று விசிறினார். மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் கொடுத்தேன். மோந்து பார்த்தார், குடித்தார், காபி இல்லையா என்று கேட்டார். ஆக, பாலும் பொங்கியது, ஆளும் வந்தார், சாஸ்திரத்துக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வீடு மாறுவதில் உடம்பு வலி இரண்டு நாளில் போய்விடும். கடைசி ராத்திரி ஒவ்வொரு சாமானையும் கையில் வைத்துக்கொண்டு 'இது வேண்டுமா, வேண்டாமா' என்று நிற்கிறோமே, அதுதான் ஆளைக் கொல்லும். அந்தக் கேள்வியை ஆடிக்குள்ளேயே கேட்டு முடித்துவிடு. ஆடியில் குடிபோகத்தான் கூடாது, பரணை இறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு மூலை போதும். பரணில் ஆரம்பி, சமையலறையைக் கடைசியில் வை. அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய். அவளுக்குத் தெரியாமல் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று மாமா யோசனை சொல்வார், வேண்டவே வேண்டாம். ஓர் ஓட்டைக் குண்டான் காணாமல் போனாலும் தீபாவளி வரைக்கும் பேச்சு ஓடும். ஆயாவின் பித்தளைத் தவலைகளில் எது யாருக்கு என்று அம்மாவே சொல்லட்டும். வாலாஜாவுக்கு ஒன்று, ஆம்பூர் சித்திக்கு ஒன்று என்று அவள் கையால் கொடுத்தனுப்பினால் அவள் மனசும் ஆறும், வண்டியிலும் இடம் மிஞ்சும். ஆட்டுக்கல்லை என்ன செய்வதென்று மட்டும் எனக்கும் தெரியவில்லை. முதல் மாடிக்கு அதை ஏற்றச் சொன்னால் குட்டியானைக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடிவிடுவார்.

லாங் பஜார் கடைகளில் காலி அட்டைப்பெட்டி இப்போதே சொல்லி வை. அப்பாவின் புத்தகங்களைச் சின்னப் பெட்டிகளில் போடு, பெரியதில் போட்டால் அடி பிய்ந்துவிடும். பீங்கான் தட்டுகளை அடுக்காமல் நிறுத்தி வைத்து, இடையில் பழைய புடவையைத் திணி. கட்டிலைக் கழற்றினால் திருகுகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டில் காலிலேயே கட்டு. ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைத்து ஐஸை உருகவிடு, நின்றபடியே ஏற்றச் சொல், இறக்கியதும் சில மணி நேரம் சும்மா இருக்கட்டும். பெட்டி மேல் எந்த அறைக்கு என்று பெரிதாக எழுது. இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஹாலில் குவித்துவிட்டுக் கூலிக்குக் கை நீட்டுவார்கள்.

அப்புறம், தனியாக ஒரு பை. அது வண்டியில் ஏறக் கூடாது, ஆட்டோவில் உன் மடியில் இருக்க வேண்டும். அம்மாவின் சர்க்கரை மாத்திரை, சி.எம்.சி. ஆஸ்பத்திரி கார்டு, அப்பாவின் கண்ணாடி, நகை, சார்ஜர், பால், ஒரு பாத்திரம், டம்ளர், தீப்பெட்டி. அன்று ராத்திரி பாயை விரித்துப் படுங்கள், வேறெதையும் பிரிக்க வேண்டாம். சாப்பாட்டைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையிலேயே ஏற்ற ஆரம்பித்துவிடுங்கள். ஆவணியானாலும் நம் ஊர் வெயில் பதினொரு மணிக்கு மேல் யாரையும் நல்லவராக இருக்க விடாது. பாப்பா தன் பையைத் தானே கட்டட்டும், அதில் கூழாங்கல்லே நிறைந்திருந்தாலும் கேட்காதே.

வீட்டுக்காரரின் பிள்ளைகள் இடித்துவிட்டுக் கடை கட்டப் போகிறார்கள் என்று அப்பா ஒரே வரியில் எழுதியிருக்கிறார். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நான் படிக்கவில்லை. காட்பாடியில் இறங்கினால் ஆட்டோக்காரரிடம் என் வாய் கொசப்பேட்டை என்றுதான் சொல்லும் அக்கா. மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து வரிசையாகப் பாய் போட்டுப் படுப்போம். நடுராத்திரி தூறல் விழுந்தால் வடகத் தட்டை யார் தூக்குவது என்று சண்டை வரும், கடைசியில் ஆயாதான் தூக்குவாள். இங்கே போன வாரம் கத்திரிக்காய் வாங்கினேன். பளபளவென்று முழங்கை நீளம், வெட்டினால் பஞ்சு. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், எனக்கு ஒரு கிலோ கொடுக்க ஆளில்லை. புளிக்குழம்பு வைத்தேன். சாப்பிட்டேன். வேலை முடிந்து வர நள்ளிரவு ஆகிவிடுகிறது, யாரோடும் பேசாமல் தூங்கிவிட முடிகிறது. விடு, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

முருங்கையில் முற்றிய கிளை ஒன்றை வெட்டி எடுத்துப் போ, புது வீட்டு மதிலோரம் நட்டால் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு நடு. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஆற்காட்டு நிலத்துப் பத்திரமும் பட்டாவும் இருக்கின்றன. பார்த்துத் தருகிறேன் என்று வாலாஜா பெரியப்பா கேட்பார், ஜெராக்ஸ் மட்டும் கொடு. ஆதாரில் முகவரியை முதலில் மாற்று, ரேஷன் கார்டு, காஸ் எல்லாம் அதற்குப் பின்னால் எளிது. பழைய முகவரிக்கு வருகிற தபாலைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தபால் நிலையத்தில் எழுதிக் கொடு. மின்மீட்டரைப் போட்டோ எடுத்துவிட்டு, அட்வான்ஸைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். அதற்கு மாமா போகட்டும். அப்பா போனால் காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு வருவார்.

சித்தி மகள் கல்யாணம் தையில் என்று எழுதியிருந்தாய். லீவு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன், டிக்கெட் விலையையும் பார்க்க வேண்டும், சித்தியிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதே. சீட்டுப் பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளிப் போகும். முகவரி மாறியதால் வங்கியில் ஏதோ தாமதம். நீ போட்டு வை, மாமாவுக்குத் தெரிய வேண்டாம், புரட்டாசிக்குள் இரண்டையும் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். குட்டியானைக்காரர் இரண்டு நடை கேட்டால், ஏற்றுகூலி இறக்குகூலி எல்லாம் அடக்கம்தானா என்று முதலிலேயே பேசிக்கொள்.

அன்புத் தம்பி