ஒரே தெருவில் கட்டும் வரி

பார்க்கர், கொலராடோ

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உங்கள் பள்ளிக்கும் காலை உணவு வந்துவிட்டது என்று எழுதியிருந்த பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். 2023 ஆகஸ்டில் உங்கள் ஊர் ஊராட்சிப் பள்ளிக்கு வந்த திட்டம், மதிலுக்கு மறுபக்கம் இருக்கும் உங்கள் அரசு உதவி பெறும் பள்ளிக்கு வர 2024 ஜூலை ஆகியிருக்கிறது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் பக்கத்துப் பள்ளியிலிருந்து கிச்சடி வாசம் வரும்போது உன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்காருவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அரசுப் பள்ளி வேறு, அரசு உதவி பெறும் பள்ளி வேறு என்பதெல்லாம் கோட்டையில் இருக்கிற கோப்புக்குத் தெரியும். ஏழு வயதுப் பிள்ளையின் பசிக்கு எப்படித் தெரியும்?

சின்னவனைச் சேர்த்திருக்கும் சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளிதானே, அதற்கு எதற்கு ஊர் வரிப்பணம் என்று கேட்டிருந்தாய். இங்கேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தனியார் பள்ளி இல்லை. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். மாவட்டக் கல்வி வாரியத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தனி நிர்வாகக் குழு நடத்துகிற அரசுப் பள்ளி, அவ்வளவுதான். இங்கே மாவட்டம் என்று நான் சொல்வது பள்ளி மாவட்டத்தை, அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பை. மின்னசோட்டாவில் 1991-ல் முதல் சட்டம் வந்தது, கொலராடோவில் 1993-ல்.

சிக்கல் பணத்தில்தான். மாநிலச் சூத்திரப்படி தலைக்கு இவ்வளவு என்று வருகிற தொகையில் பெரிய தகராறு இல்லை. அதற்கு மேலே ஒன்று இருக்கிறது. பள்ளி மாவட்டத்துக்கு இன்னும் பணம் வேண்டுமென்றால் ஊர் மக்களிடம் வாக்குக் கேட்டு, சொத்து வரியில் கூடுதலாகச் சில 'மில்' ஏற்றிக்கொள்ளலாம். ஒரு மில் என்றால் வரி மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஐந்து லட்சம் டாலர் வீட்டுக்கு வரி மதிப்பாக ஏறத்தாழ 7 சதவீதம், அதாவது 35,000 டாலரைத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொள். அப்போது ஒரு மில்லுக்கு வருஷம் 35 டாலர். 1992-ல் வந்த அரசியலமைப்புத் திருத்தத்தால் வாக்கெடுப்பு இல்லாமல் இங்கே வரியை உயர்த்தவே முடியாது. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். கேள்வி பெரிய எழுத்தில், வரியை இவ்வளவு டாலர் உயர்த்தலாமா என்றுதான் தொடங்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் இருக்கிறது. மறைத்து எழுத முடியாது. அது எனக்குப் பிடித்த விஷயம்.

இங்கே வருவதற்கு முன் வேறொரு பள்ளி மாவட்டத்தில் இருந்தோம். அங்கும் இப்படி ஒரு வரிக்கு நான் ஆமாம் என்று வாக்களித்தேன். தெருவில் எல்லோரும் கட்டினோம். பெரியவள் அப்போது சார்ட்டர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அந்தக் கூடுதல் வரியில் அவள் பள்ளிக்குப் பேருக்குக் கொஞ்சம்தான் வந்தது. பழைய மளிகைக் கடைக் கட்டடத்தில் பள்ளி, அதற்கு வாடகையும் அதே பணத்திலிருந்துதான் போக வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் அவளைக் கூப்பிடப் போனேன். அவளுடைய கணக்கு டீச்சர் பின்னங்கள் எழுதிய அட்டைகளையெல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கிக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாவட்டப் பள்ளியில் வேலை, சம்பளம் நல்ல வித்தியாசம் என்றார். எனக்குப் பிள்ளைகளைத்தான் பிடிக்கும், ஆனால் வாடகை கட்ட வேண்டுமே என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துபோனது. பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? அவரை இழுத்துக்கொண்டுபோன சம்பளத்தில் நான் கட்டிய வரியும் இருந்தது.

2017-ல் மாநிலச் சட்டமன்றம் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. கீழவை ஜனநாயகக் கட்சியிடம், மேலவை குடியரசுக் கட்சியிடம் இருந்த காலம் அது. இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் சேர்ந்து முன்மொழிந்தார்கள், ஆளுநர் ஹிக்கன்லூப்பர் கையெழுத்திட்டார். 2019-20 கல்வியாண்டிலிருந்து, இந்தக் கூடுதல் வரியை மாவட்டங்கள் தங்கள் சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பங்கிட வேண்டும். தலைக்கு ஏறத்தாழ சமமாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் பிள்ளைகளின் தேவையை வைத்து எல்லாப் பள்ளிக்கும் பொருந்துகிற திட்டம் போட்டுக் கொடுக்கலாம். பதிலுக்கு, எந்தெந்த விதிகளிலிருந்து விலக்குப் பெற்றிருக்கிறோம் என்பதைச் சார்ட்டர் பள்ளிகள் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். இதுதான் சரியான கொடுக்கல் வாங்கல். ஊர்ப் பணம் வேண்டுமென்றால் ஊருக்குக் கணக்குக் காட்டத்தான் வேண்டும். எங்கள் நிர்வாகக் குழுவை ஊர் தேர்ந்தெடுப்பதில்லையே.

எங்கள் டக்ளஸ் கவுண்டிப் பள்ளி மாவட்டத்தில் 2018-ல் 4 கோடி டாலர் கூடுதல் வரிக்கு மக்கள் ஒப்புக்கொண்டார்கள். 2022-ல் கேட்டபோது தோற்றுவிட்டது. 2023-ல் மறுபடி கேட்டார்கள், 6 கோடியே 60 லட்சம், பெரும்பகுதி ஆசிரியர் சம்பளத்துக்கு. அது ஜெயித்தது. அந்த முறை வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவர்களில் நானும் ஒருவன். மாவட்டப் பள்ளி அம்மா ஒருவரும் நானும் ஒரே துண்டறிக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரே தெருவில் நடந்தோம். முந்தைய ஊரில் இது நடந்திருக்காது. பங்கு இல்லாதவன் எதற்குக் கதவு தட்டுவான்?

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். எதிர் வீட்டு அம்மா இருபது வருஷமாக மாவட்டப் பள்ளியில் ஆசிரியை. அவர் ஒருநாள் சொன்னார்: "சார்ட்டர் பள்ளிக்கு இருபது பிள்ளைகள், அவர்கள் தலைக்குரிய பணத்தோடு போகிறார்கள் என்றால் ஒரே வகுப்பிலிருந்தா போகிறார்கள்? வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர் போகிறார்கள். விளக்கை அணைக்க முடியுமா, பஸ் டிரைவருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்க முடியுமா?" அது உண்மைதான். கூடவே இன்னொன்றையும் சொன்னார். அதிகக் கவனிப்புத் தேவைப்படும் மாற்றுத்திறன் பிள்ளைகள் பெரும்பாலும் மாவட்டப் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி ஆள், தனி வண்டி எல்லாம் வேண்டும். அதை யோசித்த பிறகு, தலைக்கு இவ்வளவு என்று வெறுமனே எண்ணிக் கொடுப்பது மட்டும் நியாயம் ஆகாது என்று எனக்குப் படுகிறது. கூடுதல் தேவை இருக்கும் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கட்டும், அது எந்தப் பள்ளியில் படித்தாலும் சரி. என் மகனுக்கு அதனால் சில டாலர் குறைந்தால் குறையட்டும். பள்ளியின் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பங்கு போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. மாவட்டத்துக்குப் பதிலாக மாநில நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நடக்கும் சார்ட்டர் பள்ளிகளும் இங்கே உண்டு. மாவட்டம் வசூலிக்கும் வரியில் அவற்றுக்குப் பங்கு கிடையாது. அதற்காக அதே சட்டத்தில் ஒரு நிதியைத் தொடங்கி, மாநிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டு வந்தது. உங்கள் காலை உணவு மாதிரிதான், முதலில் ஒருத்தர், அப்புறம் இன்னொருத்தர்.

எங்கள் சார்ட்டர் பள்ளிக்காரர்களின் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்குப் பஸ் இல்லை. காலையில் வாசலில் கார் வரிசை தெரு முனை வரை நிற்கும். கார் இல்லாத வீட்டுப் பிள்ளை, அப்பா அம்மா இருவரும் விடிகாலை வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளை குலுக்கலில் ஜெயித்தாலும் எப்படி வருவான்? பங்கு கேட்டு வாங்கியாகிவிட்டது. இனி அந்தப் பணம் அந்த வாசலைத் திறக்க வேண்டாமா? அடுத்த செவ்வாய்க்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டம். ஒரு பஸ்ஸாவது விட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், பேச மூன்று நிமிஷம் தருவார்கள். எதிர் வீட்டு அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.

உன் வகுப்பில் இப்போது காலையில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், வருகை கூடியிருக்கிறதா என்று எழுது. திங்கட்கிழமை உப்புமாவைப் பிள்ளைகள் மிச்சம் வைக்கிறார்களா? தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழன்