களர் மண்ணில் காய்கறி: மேட்டுப்பாத்திக்கும் மானியம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித் தோட்டம் அமைப்போருக்குச் செடி வளர்ப்புப் பைகளையும் தென்னை நார்க்கழிவுக் கட்டிகளையும் விதைகளையும் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கியிருப்பது பாராட்டுக்குரியது. அதே அக்கறை, வீட்டைச் சுற்றி நிலம் இருந்தும் ஒரு கத்தரிச் செடியை வளர்க்க முடியாமல் தவிப்பவர்கள் மீதும் திரும்ப வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். திருச்சி மாவட்டம் மணிகண்டம் ஒன்றியத்தில் அத்தகைய குடும்பங்கள் பல உண்டு. எங்கள் மண் களர் மண். மழை பெய்தால் சேறாகி நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும்; வெயில் ஏறினால் மேல்மண் ஓடு போல இறுகி, முளைவிட்ட விதை தலைதூக்க வழியில்லாமல் உள்ளேயே மடியும்.

கார அமில நிலை 8.5-க்கு மேலும், மண் துகள்களில் ஒட்டியிருக்கும் சோடியம் நூற்றுக்கு 15 பங்குக்கு மேலும் இருந்தால் அதைக் களர் என்கிறார்கள். சோடியம் மிகும்போது களிமண் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிட்டுவதில்லை. ஆகவே, எவ்வளவு உரம் இட்டாலும் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் வெளுத்துப் போகின்றன.

பணி ஓய்வுக்குப் பின் இங்கே வீடு கட்டியபோது, எல்லோரையும் போல நானும் இரண்டு டிராக்டர் செம்மண் இறக்கி அரையடி உயரத்துக்குப் பரப்பினேன். முதல் பருவத்தில் வெண்டையும் கீரையும் நன்றாகவே வந்தன. அடுத்த கோடையில் செம்மண்ணின் மேலேயே வெள்ளை பூத்தது. அடியில் உள்ள ஈரம் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பையும் உடன் கொண்டுவந்து விட்டுச் செல்கிறது என்பதும், நான் பாய்ச்சிய ஆழ்துளைக் கிணற்று நீரும் காரத்தன்மை உடையதே என்பதும், மண்ணையும் நீரையும் பரிசோதித்த பிறகுதான் தெரிந்தது. பரிசோதனைக்கு முன்பே மண் வாங்கியது என் தவறு. அதே தவறை என் தெருவில் இன்றும் பலர் பணம் கொட்டிச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

இதற்குத் தீர்வாக அமைந்தது, தரைக்கு மேலே உயர்த்திக் கட்டி வேறு மண் நிரப்பும் மேட்டுப்பாத்தி. நான்கடி அகலம் போதும். இருபுறமும் நின்று கையெட்டும் தூரம் அதுதான், பாத்திக்குள் கால் வைத்து மண்ணை மிதிக்க வேண்டியதில்லை. உயரம் ஒன்றரை அடி. அடிநிலத்தைக் கொத்தி, களரைத் திருத்தும் ஜிப்சம் கலந்து, அதன்மேல் நான்கு அங்குலத்துக்கு ஓடைக் கூழாங்கல் பரப்பினேன். இந்தப் பரலடுக்கு, கீழ் ஈரம் மேலே ஏறுவதைத் தடுக்கிறது, மழைநீரையும் வடித்துவிடுகிறது. கட்டட இடிபாட்டை இதற்குப் பயன்படுத்தலாகாது, அதிலுள்ள சிமெண்டும் சுண்ணாம்பும் காரத்தைக் கூட்டும். அதற்கு மேல் செம்மண், மக்கிய தொழுவுரம், நன்றாகக் கழுவி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து நிரப்பினேன். பக்கச் சுவருக்குப் பழைய பனைமரத் துண்டுகளே போதுமானவையாக இருந்தன. பத்தடி நீளப் பாத்தியின் கொள்ளளவு 60 கன அடி. அதாவது, லாரிக்காரர்கள் யூனிட் என்று சொல்லும் 100 கன அடியில் பாதிக்குச் சற்று அதிகம். முற்றம் முழுவதும் செம்மண் கொட்டிய செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

கலவை முதல் ஆண்டிலேயே சில அங்குலம் அமிழும், அந்த இடத்தை மக்கிய உரத்தால் நிரப்பிவர வேண்டும். அதைவிட முக்கியமானது தண்ணீர். கிணற்று நீரையே தொடர்ந்து ஊற்றினால் மேட்டுப்பாத்தியும் சில ஆண்டுகளில் களராகிவிடும். 2003 முதல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பில் கிடைக்கும் நீரை, இயன்றவரை தொட்டியில் பிடித்துச் செடிக்குப் பயன்படுத்துவதே நல்லது. பாத்திகளுக்கு வெளியே வெறுமனே கிடக்கும் நிலத்தில் தக்கைப்பூண்டு என்னும் பசுந்தாள் உரச் செடியை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவந்தால் அந்த மண்ணும் மெல்ல இளகும்.

எங்கள் ஒன்றியத்திலேயே நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. களரைத் தாங்கி விளையும் திருச்சி 1 நெல் இரகத்தைத் தந்தது இந்நிலையம். வயலுக்குக் கிடைத்த அந்த அறிவு, வீட்டுக் கொல்லைக்கும் வர வேண்டும். களர் நில ஊராட்சிகளில் ஊராட்சிக்கு ஒன்றாக மாதிரி மேட்டுப்பாத்தியைப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ அமைத்துக் காட்டலாம். மாடித் தோட்டத் தொகுப்பைப் போலவே, ஐந்து கிலோ ஜிப்சம், தக்கைப்பூண்டு விதை, களரைத் தாங்கும் காய்கறி விதை ஆகியவை அடங்கிய தொகுப்பு ஒன்றை மானிய விலையில் தரலாம். திருச்சி மாநகராட்சி மக்கும் குப்பையிலிருந்து தயாரிக்கும் உரத்தை அருகிலுள்ள ஊராட்சிகளுக்கும் கிடைக்கச் செய்யலாம். ஆடிப் பட்டத்துக்கு முன்பாக ஊர்தோறும் மண், நீர்ப் பரிசோதனை முகாம் ஒன்றை நடத்தினால், செம்மண்ணுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே மக்கள் தங்கள் நிலத்தின் நிலையைத் தெரிந்துகொள்வார்கள். மாவட்ட ஆட்சியரும் தோட்டக்கலைத் துறை அலுவலர்களும் இதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மணிகண்டம் ஒன்றியம், திருச்சி மாவட்டம்.