அந்தத் தமிழ்க் குரலை எங்கள் கணினிக்குக் கொடுங்கள்

தமிழ் எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள்களை உருவாக்கும் ஆய்வுக் குழுக்களுக்கும், அந்த வேலைக்கு நிதி தருவோருக்கும்,

வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒரு குழு புதிய தமிழ்க் குரல் ஒன்றை அறிவித்தது. பார்வையற்றோருக்குப் பெரிதும் உதவும் என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தார்கள். ஆசையோடு அதன் மாதிரிப் பக்கத்தைத் திறந்தேன். எழுதும் பெட்டி கிடைத்தது, ஒரு வரி தட்டினேன். அதற்கு மேல் டேப் விசையை அழுத்த அழுத்த, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என் திரைபடிப்பான் ‘பொத்தான்’, ‘பொத்தான்’, ‘பொத்தான்’ என்று மூன்று முறை சொன்னது. எது பேச வைக்கும், எது அழிக்கும், எது தரவிறக்கும் என்று எதற்கும் பெயர் வைக்கவில்லை. முதல் பொத்தானை அழுத்தினேன், எழுதியது அழிந்துபோனது. மறுபடி எழுதி இரண்டாவதை அழுத்தினேன். படத்தில் தெரியும் எழுத்துகளைப் பார்த்து உள்ளிடச் சொன்னது. கடைசியில் வீட்டில் இருந்தவரைக் கூப்பிட்டுத்தான் அந்தக் குரலைக் கேட்டேன். நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

பக்கத்தைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை, அதை விடுங்கள். அந்தக் குரலை என் கணினியில் நிறுவ வழி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மூலநிரல் இல்லை, குரல் கோப்புகள் இல்லை, உரிமம் பற்றி ஒரு சொல் இல்லை. கொடுத்திருந்த முகவரிக்கு எழுதினேன், பதில் இல்லை. இப்படி நடப்பது இது முதல் முறையும் இல்லை. அறிவிப்பு வரும், மாதிரி வரும், கட்டுரை வரும், அப்புறம் ஒன்றும் வராது.

நாங்கள் கேட்பது இதுதான்: நீங்கள் உருவாக்கும் தமிழ்க் குரல்களை, யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் இடம் தரும் கட்டற்ற உரிமத்தில் வெளியிடுங்கள். திரைபடிப்பானில் அப்படியே பொருத்திக்கொள்ளும் வடிவில் வெளியிடுங்கள்.

ஏன் கட்டற்ற உரிமம், இலவசமாகக் கிடைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். அப்போது நான் பயன்படுத்தியது, உள்ளே திறந்து திருத்த முடியாத மூடிய தமிழ்க் குரல் ஒன்று. இனிமையான குரல்தான், காசும் கேட்கவில்லை. ஆனால் ணகரத்தையும் னகரத்தையும் ஒரே மாதிரி ஒலித்தது. ‘பணி அனுபவம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் விரல் தவறி ‘பனி அனுபவம்’ என்று விழுந்திருக்கிறது. அனுப்புவதற்கு முன் நான்கு முறை கேட்டுப் பார்த்தேன். நான்கு முறையும் காதில் சரியாகவே விழுந்தது. நேர்காணலில் ஒருவர் அந்தத் தலைப்பை எடுத்து, “மூணு சுழி போட வேண்டிய இடத்தில் ரெண்டு சுழி போட்டிருக்கிறீர்களே, தமிழ் எழுதும் வேலைக்கா வந்திருக்கிறீர்கள்?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரெய்லில் தமிழ் படித்து வளர்ந்தவன் நான். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் திரையில் இருக்கும் சுழியை நான் எண்ணிப் பார்க்க முடியாது, ஒலியைத்தான் கேட்க முடியும். ஒலியில் வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பிழை எனக்கு இல்லாத பிழை. அந்த வேலை கிடைக்கவில்லை.

எழுத்தின் பெயரைச் சொல்ல வைக்கத் திரைபடிப்பானில் வழி உண்டு. டண்ணகரம், றன்னகரம் என்று பள்ளியில் சொல்லித்தந்த பெயர்களைக் கேட்டுச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் சந்தேகமே வராத இடத்தில் யார் நின்று கேட்பார்கள்? முழுப் பக்கத்தையும் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருக்க முடியாது. சொற்கள் ஓடும்போதே பனியும் பணியும், மனமும் மணமும், பல்லியும் பள்ளியும் காதுக்குத் தனித்தனியாகத் தெரிய வேண்டும். குரல் கொடுத்தவர் பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்பவராக இருந்திருக்கலாம். அதைக் கேட்டுப் பழகிய இயந்திரமும் அப்படியே சொல்லும். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அதைத் திருத்த எனக்கோ வேறு யாருக்கோ வழியே வைக்கவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இதோடு, எழுத்தைப் பேச்சாக மாற்றும் கட்டற்ற மென்பொருளான ஈஸ்பீக்கை வைத்துப் பாருங்கள். 1995இல் ஏகார்ன் என்ற நிறுவனத்தின் கணினிகளுக்காக ஜோனதன் டடிங்டன் எழுதத் தொடங்கியது அது. 2015இல் அதிலிருந்து ஈஸ்பீக் என்ஜி கிளைத்து, இன்று நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளைப் பேசுகிறது, தமிழையும் பேசுகிறது. அத்தனையும் சில மெகாபைட்டில் அடங்கிவிடும். குரல் தகரத்தைத் தட்டுவது போல இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தமிழை எப்படி ஒலிக்க வேண்டும் என்ற விதிகள் அதில் சாதாரண எழுத்துக் கோப்புகளாக எல்லோர் கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி இருக்கின்றன. ககரம் சொல்லின் முதலில் வந்தால் ஒரு ஒலி, ஙகரத்துக்குப் பின் வந்தால் இன்னொன்று, இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் வேறொன்று. இதையெல்லாம் விதியாக எழுதலாம். ‘பாட்டு’, ‘பாரதி’ என்று விதிக்குள் அடங்காமல் ஒரே பகரம் இரண்டு விதமாக ஒலிக்கும் சொற்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. தவறாகச் சொன்னால் அதில் ஒரு வரி சேர்த்துத் திருத்தலாம். நான் திருத்தியது இன்னொருவருக்கும் போய்ச் சேரும்.

என்விடிஏ திரைபடிப்பானும் இப்படி வந்ததுதான். வணிகத் திரைபடிப்பான் வாங்கும் காசில் ஒரு கணினியே வாங்கிவிடலாம் என்றிருந்த காலத்தில், 2006இல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் அதைத் தொடங்கினார். இன்னொரு பார்வையற்ற நிரலாளரான ஜேம்ஸ் தே அவரோடு சேர்ந்தார். அவர்கள் திறந்து வைத்ததால்தான் நான் இன்று இந்த மடலை எழுதுகிறேன். ஆய்வுக்கூடமும் நிதியும் குரல் பதிவு அறையும் வைத்திருக்கும் உங்களிடம் அதே மனதை எதிர்பார்ப்பது தவறா?

இன்னொன்று. உங்கள் குரல்களை மனிதக் குரல் போல இருக்கிறதா என்று மட்டுமே சோதிக்கிறீர்கள் போலத் தெரிகிறது. நாங்கள் நாள் முழுக்கக் கேட்பவர்கள். ஈஸ்பீக் வழக்கமாக நிமிடத்துக்கு 175 சொல் பேசும், 450 வரை கூட்டலாம். பழகிய காது மிக வேகமாகவே கேட்கும். அந்த வேகத்திலும் எழுத்து கலங்கக் கூடாது. விசையை அழுத்தியவுடன் பேச வேண்டும், அடுத்த விசையை அழுத்தியவுடன் பாதியிலேயே நிறுத்த வேண்டும். வாக்கியம் முழுவதையும் தயாரித்துவிட்டு அரை நொடி கழித்து வாய் திறக்கும் குரலோடு ஒரு படிவத்தைக்கூட நிரப்ப முடியாது. இணையம் வழியாகத்தான் பேசும் என்றால், நான் தட்டும் ஒவ்வொரு சொல்லும், என் மருத்துவ அறிக்கையும், வங்கிக் கணக்கும் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போக வேண்டும். இணையம் நின்றால் உங்கள் திரை அணைந்துவிடுமா? எங்களுக்கு அணைந்துவிடும்.

குரல் மட்டும் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடாது என்பதும் தெரியும். இன்னும், ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவில் காட்டும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய ஆவணங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் ‘தமிழ்’ என்ற சொல் எங்களுக்கு ‘ஜே கே பி ஓ அரைப்புள்ளி’ என்று கேட்கும். பக்கங்களை அப்படியே படமாக எடுத்து பிடிஎஃப் என்று ஏற்றிவிடுகிறார்கள், அதில் எங்களுக்கு ஒரு எழுத்தும் இல்லை. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்வது? ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, எங்களுக்கும் படிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டே இருப்பது எவ்வளவு களைப்பு என்று எழுதத் தெரியவில்லை. மன்னிக்கவும், அது உங்கள் வேலை இல்லை. உங்களால் முடிந்த ஒன்றை மட்டும் உங்களிடம் கேட்கிறேன்.

கட்டற்ற உரிமத்தில் குரலை வெளியிடுங்கள். விண்டோஸில் என்விடிஏவுக்கும் லினக்ஸில் ஓர்கா திரைபடிப்பானுக்கும் பொருந்தும்படி, இணையம் இல்லாமலும் சாதாரணக் கணினியில் ஓடும்படி கொடுங்கள். அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்திக்கொள்கிறோம். வெளியிடும் முன் சோதிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள். நான் வருகிறேன், என்னைப் போல இன்னும் பலர் வருவார்கள்.

தயவுசெய்து இந்த மடலுக்காவது ஒரு வரி பதில் எழுதுங்கள். முடியாது என்றாலும் ஏன் முடியாது என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
தமிழில் மொழிபெயர்ப்பு வேலை செய்யும் ஒரு பார்வையற்றவர்