கூலியை ஏற்றினால் நிற்பார்களா?

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். முழங்கால் வலியோடு பஸ் ஏற முடியாததால்தான் வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

உன் பனியன் யூனிட்டில் போனஸ் வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை, ஷிப்ட் கூலியை ஏற்றினால் இருக்கிறவர்களாவது நிற்பார்களா என்று கேட்டிருந்தாய். இத்தனை வருஷம் மேலாண்மைப் பாடம் நடத்தியவனுக்கு இதைப் படித்ததும் ஃபோர்டு கம்பெனிதான் நினைவுக்கு வந்தது.

1913-ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கத்தில் இருந்த அவர்களுடைய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், நகர்ந்துகொண்டே போகும் வரிசையில் காரைப் பூட்டும் முறை வந்தது. கைத்தொழில் தெரிந்த ஆள்கூட நாள் முழுக்க ஒரே நட்டை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். சகிக்காமல் கிளம்பிப் போனார்கள். அந்த ஒரே வருஷத்தில் ஆள் மாற்றம் 370 சதவீதம்! சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் முதலாளி ஹென்றி ஃபோர்டு 2.34 டாலராக இருந்த தினக்கூலியை 5 டாலர் ஆக்கினார், ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார். வேலை கேட்டு வாசலில் ஆயிரக்கணக்கில் கூட்டம். விலகுவோர் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

அதனால் கூலி ஆளை நிறுத்தும், சந்தேகமே வேண்டாம். "பணம் முக்கியமில்லை, ஊக்கம்தான் முக்கியம்" என்று பயிற்சி வகுப்புகளில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்ட வேண்டியவரிடம் அப்படிச் சொல்வது அநியாயம். ஆனால் அந்த 5 டாலரில் ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அதைக் கொடுக்கும் முன் கம்பெனி ஆட்கள் வீடு தேடி வந்து, குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று விசாரித்தார்கள். நட்டு முறுக்கும் வேலையும் மாறவில்லை. ஆள் நின்றான், வேலை பிடித்தா நின்றான்?

இதைப் பிற்பாடு ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆராய்ந்தார். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 எஞ்சினியர்களையும் கணக்காளர்களையும் வேலையில் மனசு நிறைந்த சமயத்தையும் நொந்த சமயத்தையும் சொல்லச் சொன்னார். நொந்த கதைகளில் கம்பெனி விதிகளும் மேலதிகாரியும் வந்தார்கள். நிறைந்த கதைகளில் சாதித்த வேலை, கிடைத்த பாராட்டு, கொடுத்த பொறுப்பு. குறையை நீக்குவதால் மட்டும் திருப்தி வந்துவிடாது என்று 1959-ல் எழுதினார். நல்லது நடந்தால் நான், கெட்டது நடந்தால் மற்றவன் என்று சொல்வது மனித இயல்பு, அதை வைத்து முடிவு கட்டலாமா என்று இதற்கு எதிர்ப்பும் வந்தது. அது நியாயம்தான். இருந்தாலும் என் மகள் விஷயத்தில் ஹெர்ஸ்பர்க் சொன்னதுதான் நடந்தது. சம்பளத்தில் ஒரு குறையும் இல்லை. இவள் செய்த வேலையை மேனேஜர் தன் பெயரில் காட்டிக்கொண்டார், ராஜினாமா கொடுத்துவிட்டாள்.

உன் யூனிட்டுக்கு நேராகப் பொருந்துவது ஸ்டேசி ஆடம்ஸ் என்ற இன்னொரு உளவியலாளர் 1963-ல் சொன்னது என்று நினைக்கிறேன். தன் உழைப்புக்குக் கிடைப்பதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைப்பதோடு ஒப்பிட்டுத்தான் மனுஷன் நியாயம் பார்க்கிறான் என்றார் அவர். அவசர ஆர்டருக்காகக் காண்ட்ராக்டில் வந்தவர்களுக்குக் கூடுதல் பீஸ் ரேட் கொடுத்ததாக நீயே எழுதியிருக்கிறாய். அதே மேஜையில், அதே பனியனைப் பழைய ரேட்டுக்குத் தைத்தவர்கள்தானே இப்போது வராதவர்கள்? எல்லோருக்கும் ஷிப்டுக்கு இருபது ரூபாய் ஏற்றினாலும் அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும். முதலில் அதைச் சரி செய். பழைய ஆட்களைக் கூப்பிட்டு, காண்ட்ராக்ட் ரேட்தான் உங்களுக்கும் என்று வாய்விட்டுச் சொல். அப்புறம், வருஷக்கணக்கில் ஓவர்லாக் தையல் மிஷின் மட்டுமே ஓட்டுகிறவர்களில் விருப்பம் உள்ளவர்களுக்கு ஃப்ளாட்லாக் மிஷினும் பழக்கிக் கொடு.

இன்னொன்று. போனவர்களைப் பற்றியே யோசிக்கிறாய். போகாத பாதிப் பேர் ஏன் போகவில்லை என்று கேட்டாயா? சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும்போது வேண்டாம், அப்போது உண்மை வராது. டீ நேரத்தில், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாதபோது கேள். என்ன சொன்னார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே எனக்கு எழுது. பொங்கலுக்கு முன் எழுதினால் நல்லது, மறுபடி ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
பாலு