இருவர் அல்ல, மூவர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் லார்ஷ் அமைப்பைப் பற்றிய கட்டுரை படித்தேன். 1964 ஆகஸ்டில் பிரான்சின் த்ரோலி-ப்ரெய் கிராமத்தில், அதன் நிறுவனர் ழான் வனியே ஒரு பழைய வீட்டில் ரஃபேல், பிலிப் என்ற இருவரோடு குடியேறினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று குறைபாடு உள்ளவர்களுக்கான விடுதியிலிருந்து வந்தவர்கள் மூன்று பேர். மூன்றாமவர் டேனி. காது கேட்காது, பேச வராது. புது இடத்தில் மிரண்டுபோனார். ராத்திரி சமாளிக்க முடியாமல், அவரை மட்டும் பழைய விடுதிக்கே அனுப்பிவிட்டார்கள்.

இதைப் போய்ப் பெரிதாகச் சொல்கிறேனே என்று தோன்றலாம். என் அண்ணனுக்கு 51 வயது. மூளை வளர்ச்சி நாலைந்து வயதுக்குத்தான். அம்மா இறந்த வருடம், அவரைப் பெங்களூரிலேயே ஒரு விடுதியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் போன்: "வந்து கூட்டிட்டுப் போயிடுங்க." போய்ப் பார்த்தால், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு. ராத்திரி முழுக்கக் கதவைத் தட்டினாராம். பிறந்ததிலிருந்து பாயில் படுத்தவரைக் கட்டிலில் படுக்கவைத்திருக்கிறார்கள். நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

இன்னொன்று. கட்டுரை வனியேயின் 2015 டெம்பிள்டன் விருதோடு நின்றுவிடுகிறது. 2019-ல் அவர் இறந்தார். மறு ஆண்டே, அவர் 6 பெண்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதை லார்ஷ் தானே விசாரணை வைத்துக் கண்டுபிடித்து வெளியிட்டது. 2023 அறிக்கையில் அந்த எண்ணிக்கை 25-க்குக் குறையாது என்று வந்தது. அவருடைய குருவான தோமா ஃபிலிப் என்ற பாதிரியாரை 1956-லேயே திருச்சபை இதே மாதிரி விஷயத்துக்காகத் தண்டித்திருந்தது. பாதிக்கப்பட்டவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் இல்லை என்றும் அறிக்கை சொல்கிறது. வீட்டில் ஒருவரை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது அந்த வரியைத்தான். அதற்காகவாவது எழுதியிருக்கலாம். நிறுவனரைப் புனிதராகக் காட்ட நினைத்தால் டேனியும் காணாமல் போவார், அந்தப் பெண்களும் காணாமல் போவார்கள்.

அப்புறம், எங்கள் ஊர். இந்தியாவில் லார்ஷின் முதல் வீடு, 1970-ல் பெங்களூரில் தொடங்கிய ஆஷா நிகேதன். உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரே வரி! லார்ஷ் என்றால் நோவாவின் பேழை. பைபிளிலிருந்து எடுத்த பெயர்தான். ஆனால் இங்கே இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கவேண்டி வந்தது. பூஜையா ஜெபமா, தட்டில் என்ன போடுவது, என்ன போடக்கூடாது என்று ஒவ்வொன்றையும் பேசித் தீர்த்துத்தானே ஐம்பது வருடம் ஓட்டியிருப்பார்கள்? த்ரோலி-ப்ரெய் வரை போன உங்கள் நிருபர் அதைக் கேட்டு எழுதியிருக்கலாம்.

சரி, அதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், 'இருவர்' என்பதை 'மூவர்' என்று மாற்றி, டேனியின் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆஸ்டின் டவுன், பெங்களூரு