கேம் ஷாஃப்ட் வாங்கும் முன் ஸ்லோ ஸ்பீடை நினையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பழைய பெட்ரோல் கார்களை வாங்கி, இன்ஜினைத் திறந்து, இன்னும் கொஞ்சம் வேகம் எடுக்க வைக்கிற ஆசை இளைஞர்களிடம் நிறைய இருக்கிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு, அதனால் அவர்களைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டுதான் கேம் ஷாஃப்ட், சுருக்கமாக கேம். "எந்த கேம் ஷாஃப்ட் போட்டால் நல்லா இழுக்கும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், அதே கேமோடு வண்டி எமிஷன் டெஸ்டில் (புகைப் பரிசோதனையில்) தேறுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு இரண்டு தடவை இன்ஜினைத் திறக்க வேண்டி வந்தது.

என்னுடையது 2006 மாடல் எஸ்டீம், 1.3 லிட்டர், 16 வால்வு, ஒரே கேம். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் 280 டிகிரி கேம் (இன்ஜின் தண்டு அத்தனை டிகிரி சுற்றும் வரை வால்வைத் திறந்து வைப்பது) ஒன்றைக் காட்டி, ஸ்லோவில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் வண்டி நிற்கும்போது, இன்ஜின் குலுங்கிக் குலுங்கி நிற்கிற சத்தத்தையும் மொபைலில் போட்டுக் காட்டினார்கள். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன் என்பதுதான் உண்மை. மாட்டி முடித்து டெஸ்டுக்குப் போனால் ஹைட்ரோகார்பன், அதாவது புகையில் எரியாமல் வரும் பெட்ரோல், 1,100-ஐத் தாண்டி நிற்கிறது. பி.எஸ். 2, பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் படிகள்) பெட்ரோல் கார்களுக்கு ஸ்லோவில் அனுமதி 750 பி.பி.எம்.தான் (பத்து லட்சத்தில் 750 பங்கு), கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம். (பி.எஸ். 4 கார் என்றால் இன்னும் கடுமை: 200, 0.3.)

ஏன் இப்படி ஆகிறது என்று அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடுவதற்குள், காற்றும் பெட்ரோலும் கலந்த மிக்சரை உள்ளே விடுகிற இன்டேக் வால்வு திறந்துவிடும், இரண்டும் சேர்ந்து திறந்திருக்கிற அந்த நேரத்தைத்தான் ஓவர்லாப் என்கிறார்கள். 5,000 ஆர்.பி.எம்.மில் அது நல்லது, வெளியே ஓடுகிற புகையே புதுக் காற்றை உள்ளே இழுத்துக் கொடுக்கும். ஸ்லோவில் நடப்பதோ நேர்மாறு. எரிந்த புகை திரும்ப உள்ளே வந்து புது மிக்சரோடு கலந்து அதைக் கெடுக்கிறது, சில தடவை பற்றாமலே போய்விடுகிறது, அந்தப் பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. நான் ஆசைப்பட்டு வாங்கிய அந்தக் குலுங்கல் சத்தமே பெட்ரோல் சரியாக எரியாத சத்தம்தான்.

அதோடு முடியவில்லை. எரியாத மிக்சரோடு ஆக்சிஜனும் போவதால் ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் குறைவு" என்று நினைத்துக்கொண்டு இன்னும் பெட்ரோல் ஊற்றச் சொல்கிறது, மெக்கானிக்கும் ஸ்லோ நிற்கட்டும் என்று தன் பங்குக்குக் கூட்டி வைக்கிறார், அடுத்த டெஸ்டில் கார்பன் மோனாக்சைடும் அளவைத் தாண்டிவிட்டது. இதே நிலையில் ஓட்டிக்கொண்டே இருந்தால் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிற பெட்ரோல் அதன் உள்பாகத்தையே உருக்கிவிடும்.

ஓவர்லாப் எவ்வளவு என்று வாங்கும் முன்பே கணக்குப் போடலாம், கஷ்டமில்லை. இன்டேக் டிகிரியையும் எக்ஸாஸ்ட் டிகிரியையும் கூட்டி நான்கால் வகுங்கள், அதில் லோப் சென்டர் கோணத்தை (கேமில் இன்டேக் முட்டுக்கும் எக்ஸாஸ்ட் முட்டுக்கும் நடுவிலுள்ள கோணம்) கழியுங்கள், வருவதை இரண்டால் பெருக்குங்கள். என் முதல் கேம் 280-280, கோணம் 106: ஓவர்லாப் 68 டிகிரி. இப்போது போட்டிருப்பது 264-264, கோணம் 112: 40 டிகிரிதான். லிஃப்ட், அதாவது வால்வு தூக்கும் உயரம், கம்பெனி கேமைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் இழுவையில் லாபம் இருக்கிறது. கோணம் அகலமாக இருந்தால் ஸ்லோ அமைதியாக நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒற்றை கேம் வண்டியில் அந்தக் கோணத்தைக் கடைந்த பிறகு மாற்றவே முடியாது, அதனால் வாங்கும்போதே பார்க்க வேண்டும். டிகிரி எந்த அளவில் எடுத்தது என்றும் கேளுங்கள். வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளந்தால் ஒரு எண், 1 மில்லிமீட்டர் தூக்கிய பின் அளந்தால் வேறு எண், இரண்டையும் ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. இந்த விவரங்கள் எழுதிய கேம் கார்டு தராத கடையில் நான் இனி வாங்க மாட்டேன்.

நம் ரோட்டுக்கும் இதுதான் சரி. சேலத்திலிருந்து குடும்பத்தோடு தொப்பூர் கணவாய் ஏறி வரும்போது, முன்னால் லோடு லாரி ஊர்ந்துகொண்டிருக்க, இன்ஜின் 2,000, 2,500-ல்தான் சுற்றும். 280 கேமில் அந்த இடத்தில் வண்டிக்கு உயிரே இருக்காது, கிளட்சைத் தேய்த்துத் தேய்த்து ஏற்ற வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். இப்போதைய சின்ன கேமில் கீழேயும் இழுக்கிறது, டெஸ்டிலும் ஹைட்ரோகார்பன் 310 வந்தது.

டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தட்டுகிற பாகத்துக்கும் நடுவே விடும் சின்ன இடம்) சொன்ன அளவில் வையுங்கள், இறுக்கிவிட்டால் ஓவர்லாப் தானாகக் கூடிவிடும். டெஸ்டுக்கு முன் இருபது நிமிடம் நன்றாக ஓட்டிவிட்டுப் போங்கள், கன்வெர்ட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும். வால்வு டைமிங்கைக் கம்ப்யூட்டரே மாற்றிக்கொள்கிற புது கார்களில், குறிப்பாக 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில், கேமில் கையே வைக்காதீர்கள். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 சொல்கிறது, எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முன்கூட்டியே எழுத்தாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. முதல் கேமோடு அலைந்த நாட்களில் ஒரு டெஸ்ட் சென்டரில் "டியூபை வைக்காமலே சர்டிபிகேட் போட்டுத் தருகிறேன் அண்ணா" என்றார்கள், அதாவது சைலன்சரில் டியூபைச் செருகிப் புகையை அளக்காமலே. புகைச் சான்று இல்லாவிட்டால் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம் இருப்பதால் பயந்துபோய் வாங்கிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள். அப்படி வாங்கியிருந்தால் என் இன்ஜின் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது, அந்தப் புகை ரவுண்டானா சிக்னலில் பின்னால் பைக்கில் நிற்கிற பிள்ளைகளின் மூக்குக்குள் போயிருக்கும். மாவட்டத்தில் உள்ள எல்லா டெஸ்ட் சென்டர்களும் வண்டி உரிமையாளர் கண் முன்னால் டியூபை வைத்து, திரையில் வரும் அளவைக் காட்டிவிட்டுத்தான் சான்று தர வேண்டும் என்று போக்குவரத்துத் துறை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், திடீர்ச் சோதனையும் நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.